துவாய்க்குக் கீழே ஒரு பேரம்

பாம்பு வாங்கப் போகிறவர்கள் காலையில் போகக்கூடாது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போகவேண்டும். காலையில் விற்பவனுக்குத் தன் பாம்பின்மேல் பாசம் அதிகம். பின்னேரம் ஆக, மிஞ்சிய பெட்டிகளைத் திரும்பவும் காரில் ஏற்றவேண்டுமே, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீடுவரை ஓடவேண்டுமே, போய் மனைவிக்கு முகம் கொடுக்கவேண்டுமே என்று யோசிக்கத் தொடங்குவான். அந்த யோசனை அவன் முகத்தில் தெரியும் நேரம் பார்த்து மேசைக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். நின்றுகொண்டு பக்கத்து மேசையைப் பார்க்கவேண்டும்.

பிள்ளை, நீங்கள் என்னுடைய சட்டத்தரணி. நடந்ததை ஒன்றும் விடாமல் தமிழில் எழுதித் தாருங்கள், வாசித்துவிட்டு அரச தரப்புக்கு என்ன பதில் சொல்வதென்று முடிவெடுப்போம் என்றீர்கள். ஆகவே எழுதுகிறேன். பாம்புச் சந்தையில் இருந்து தொடங்குவதற்குக் குறை நினைக்கவேண்டாம். பஸ்ரியனின் சாவு அங்கேதான் தொடங்கியது.

கொழும்பு செட்டியார் தெருவில் அப்பாவுக்கு இரத்தினக்கல் கடை இருந்தது. சண்முகநாதன் என்பது அந்தக் கடையின் பெயர். கடை எனக்கு முன்னால் பிறந்ததால் எனக்கும் அதையே வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் கல்லுக்கு வாயால் விலை பேசமாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரனுக்குக் கேட்டுவிடும். விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே இருந்து, கைகளின்மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொள்வார்கள். மேலே இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைப்பார்கள். கீழே விரல்கள் விலை பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது கல்லைப் பார்த்தவனுக்குத் தெரியும். கல்லும் காகிதப் பொட்டலத்தில் அந்தத் துவாய்க்குக் கீழேயே, இரண்டு கைகளுக்கும் நடுவில் கிடக்கும். விலை பொருந்திவிட்டால், விற்பவன் வாங்குபவனின் உள்ளங்கையைப் பொட்டலத்தின்மேல் வைத்து அழுத்துவான். அழுத்திய பிறகு பேச்சில்லை. உள்ளே கிடப்பது வெறும் கண்ணாடியாக இருந்தாலும் வாங்கியவன் வாங்கியவன்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. விலை ஒன்று வெளியே வந்த பிறகு முதலில் வாய் திறக்கக்கூடாது. திறப்பவனுக்கு அவசரம் என்று அர்த்தம். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

பஸ்ரியன் மன்னாரில் இருந்து எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தவன். என்னைவிட இளையவன். என்னை முதலாளி என்று கூப்பிடுவான், பகிடிக்குத்தான். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். அப்பாவைப் பின்வாசலால் தூக்கிக்கொண்டு ஓடியது பஸ்ரியன்தான். இதை நீதிமன்றத்தில் சொல்லவேண்டாம், எனக்குப் பாதகமாக இருக்கும். எரிந்துபோன சாமானுக்கு ஒருவரும் விலை கேட்கவில்லை. அப்பாவுக்குச் சாகும்வரை விளங்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு கனடா. மில்லிக்கனில் வீடு, மார்க்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. குளிரைப் பற்றி எல்லாரும் சொல்லியிருந்தார்கள், விலைச்சீட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இங்கே பாணுக்கு ஒரு விலை, பாலுக்கு ஒரு விலை, சீட்டில் அச்சடித்தபடி. நான் வந்த முதல் வருஷம் ஒரு சுப்பர்மார்க்கெற்றின் மரக்கறிப் பக்கத்தில், அடிபட்டுக் கறுத்த பூக்கோவா ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். காசு வாங்கும் பெட்டை மனேஜரைக் கூப்பிட்டாள். மனேஜர் வந்து, என்னையும் என் கோட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சும்மா கொண்டுபோங்கள் என்றார். நான் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு பாலேஸ்வரி, அவர் என் மனைவி, பூக்கோவா எங்கே என்று கேட்டார். விலை பொருந்தவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

இப்படி வருஷக்கணக்கில் ஒரு பேரமும் இல்லாமல் இருந்தவனைத்தான் பஸ்ரியன் பாம்புச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனும் கனடாவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் அப்பார்ட்மென்றில் தனியாக இருந்தான். பக்கத்து வீட்டுக்காரன் காலிசெய்து போகும்போது விட்டுவிட்டுப் போன கோர்ன் ஸ்நேக் ஒன்றை எடுத்து வளர்க்கத் தொடங்கியிருந்தான். செம்மஞ்சள் நிறம், நஞ்சில்லாதது, எலி தின்னும். அது முட்டையிட்டது. குஞ்சுகளை விற்க வழி தேடிப் போனபோது அந்தச் சந்தையைக் கண்டுபிடித்திருக்கிறான்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். மேசை மேசையாகப் பிளாஸ்ரிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு, மூடியில் மார்க்கரால் எழுதிய விலை. எழுதிய விலைதான் என்று நானும் முதலில் சலித்துக்கொண்டேன். அப்போது பக்கத்தில் ஒருவன் ஆங்கிலத்தில், எழுபதுக்குத் தருவியா என்று கேட்டான். விற்பவன் சிரித்துக்கொண்டு எண்பது என்றான். பிள்ளை, நான் கோயிலில்கூட அப்படி நின்றதில்லை.

கெவின் என்று ஒரு வெள்ளைக்காரன், குடுமி கட்டியவன், அவன்தான் என் முதல் ஆள். அவன் டப்பாவில் நூற்றிருபது என்று எழுதியிருந்தது. பாம்பைக் கையில் வாங்கி, முதுகெலும்பு நீளத்துக்கு விரலை ஓட்டினேன். வால் பக்கம் ஒரு முடிச்சு இருந்தது, இல்லையென்றாலும் இருந்திருக்கும். கண்ணைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டது, உறைந்த எலி தின்னுமா, உயிர் எலிதான் வேண்டுமா என்று கேட்டேன். மனைவி விடமாட்டாள் என்றேன். ஐம்பது என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றேன். கெவின் தலையைச் சொறிந்தான், கூரையைப் பார்த்தான், நூறு என்றான். நான் பேசவில்லை. தொண்ணூறு. நான் மூன்று மேசை தள்ளிப் போய் ஒரு ஆமையைப் பார்த்தேன். எழுபதுக்கு முடிந்தது. கெவின் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ஐயா, நீங்கள் என்னைத் தெருவில் விடப் போகிறீர்கள்."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ரியன் காரோட்டிக்கொண்டு சிரித்தான். "முதலாளி, அவன்ர முகத்தைப் பாத்தனீங்களே? பாவம், அழுதுபோடுவான் எண்டு நினைச்சன்."

எனக்குப் பாம்பில் விருப்பமில்லை, பிள்ளை. இன்றுவரைக்கும் இல்லை. ஆனால் பேரம் முடிந்தால் சாமானை எடுத்துக்கொண்டுதானே போகவேண்டும். அப்படியே பேஸ்மென்ற் நிறைந்தது. பாலேஸ்வரி ஒருநாள் படியில் நின்று கேட்டார்.

"இஞ்சாருங்கோ, உதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு?"

"ஐம்பது டொலர் மிச்சம் பிடிச்சிருக்கிறன்."

"வாங்காமல் விட்டிருந்தால் நூற்றிருபதும் மிச்சம்."

"அது மிச்சமில்லை. அது சும்மா."

"இந்த வீட்டில இனி நான் இருக்கிறதோ, பாம்பு இருக்கிறதோ?"

யோசிக்க அவகாசம் கேட்டேன். அவர் பிக்கரிங்கில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். நான் சில வேளைகளில் ஃபோன் எடுப்பேன். திரும்பி வர என்ன வேண்டும் என்று கேட்டால் பாம்புகள் போகவேண்டும் என்பார். பாதியைக் குறைக்கிறேன் என்பேன். அவர் இறங்கிவரமாட்டார். நல்ல குடும்பத்துப் பெண், ஆனால் வியாபாரம் தெரியாது.

சந்தையில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. நான் மண்டபத்துக்குள் போனால் விற்பவர்கள் தலையில் கைவைப்பார்கள். "ஷான் வந்துவிட்டான், பிழைப்புப் போச்சு" என்பார்கள். சிலர் டப்பாவை மேசைக்குக் கீழே ஒளிப்பார்கள். மூடியில் எழுதிய விலையைக் கிட்டத்தட்டப் பாதிக்கு இறக்காமல் நான் வாங்கிய நாள் இல்லை. செட்டியார் தெருவில் அப்பாவை எப்படிப் பார்த்தார்களோ, அப்படித்தான் அந்த மண்டபத்தில் என்னைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் என்னை ஹலோ என்று கூப்பிடுவார்கள், பெயர் தெரியாது. ஆகவே மாதத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன். இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வந்தது.

ஒவ்வொரு சந்தைக்கும் அடுத்த கிழமை பஸ்ரியன் ஒரு பை நிறைய உறைந்த எலியோடு வருவான். "கெவின் தந்தவன், அண்ணை. கூடிப் போச்சாம், காசு வேண்டாமாம்." நான் வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பேன். வெள்ளைக்காரருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றேழு ஒக்டோபரில் கடைசி ஞாயிறு. இங்கே குளிர்காலத்துக்காக அதற்கு முதல்நாள் இரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பவேண்டும். பாலேஸ்வரி இருந்தவரை அதை அவர்தான் செய்வார். நான் மறந்துவிட்டேன். பழைய நேரத்துக்கு, ஒரு மணித்தியாலம் முந்தியே, மண்டபத்துக்குப் போய்விட்டேன். அதோடு அன்று காலையிலேயே போய்விட்டேன், பின்னேரம் தொழிற்சாலையில் மேலதிக வேலை இருந்தது. பஸ்ரியனுக்கும் அதை முதலே சொல்லியிருந்தேன். வாசல் திறந்திருக்கவில்லை. சாமான் இறக்கும் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன்.

பஸ்ரியன் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தான். "இண்டைக்கு ஷான் வெள்ளெனவே வாறார்" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னான். கெவின் ஒரு டப்பா மூடியில் அறுபது என்றிருந்ததைத் துணியால் துடைத்துவிட்டு நூற்றிருபது என்று எழுதினான். அடுத்த மேசைக்காரியும் மார்க்கரை எடுத்தாள். அவள் புதியவள் போல. ஏன் இப்படி என்று கேட்டாள்.

"நல்ல மனுசன்" என்றான் பஸ்ரியன். "முந்திப் பெரிய கடைக்காரன். இது ஒண்டுதான் அவரிட்ட மிச்சம் இருக்குது. இறங்கேக்கை கொஞ்சம் கஷ்டப்பட்டு இறங்குங்கோ."

"கூட வாற காசு?"

"எலியாத் தாங்கோ. நான் அவரிட்டக் குடுக்கிறன்."

நான் பக்கக் கதவால் வெளியே வந்து, காருக்குள் இருந்து, மண்டபம் திறந்த பிறகு முன்வாசலால் உள்ளே போனேன். கெவின் தலையில் கைவைத்தான். நூற்றிருபதை அறுபதுக்குக் கொண்டுவந்தேன். வாங்கினேன். வேறென்ன செய்வது?

பஸ்ரியன் அதில் தரகு எடுத்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஏமாற்றுவது தொழில். என் அப்பாவும் ஏமாற்றியிருக்கிறார், அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். அதற்காக யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ஆனால் அவன் ஒரு சதம் எடுக்கவில்லை. குறைத்த காசும் என்னிடம், கூடிய காசும் எலியாக என்னிடம். எத்தனையோ வருஷம் நான் ஒருவரையும் வெல்லவில்லை, ஒருவரிடமும் தோற்கவுமில்லை. அடிபட்ட பூக்கோவாவை ஒவ்வொரு மாதமும் எனக்குச் சும்மா தந்துகொண்டிருந்திருக்கிறான், நானும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதை யோசித்தேன். கோபம் இல்லை. கோபத்தில் செய்தது என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறீர்கள். அப்படி எழுதமுடியாது, பிள்ளை. சாமானைப் பற்றிப் பொய் சொல்லலாம், பேரத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது.

நஞ்சுப் பாம்பு வைத்திருப்பது இங்கே சட்டவிரோதம். சந்தையில் கிடைக்காது, ஆனால் சந்தையில் நிற்பவர்களிடம் விசாரித்தால் ஒரு ஃபோன் நம்பர் கிடைக்கும். பிக்கரிங்கைத் தாண்டி ஒரு கோப்பிக் கடைக் கார்த்தரிப்பிடத்தில் ஒருவன் வந்தான். துணிப்பையில் ஒரு சின்ன விரியன். பை மெல்லிசு, கட்டியிருந்தாலும் கவனம், துணிக்கு மேலாலேயே கடிக்கும் என்று எச்சரித்தான். முந்நூறு கேட்டான். நான் முந்நூறை எடுத்துக் கொடுத்தேன். அவன் ஒருகணம் என்னைப் பார்த்தான். எண்ணூறு என்று சொல்லியிருக்கலாமே என்று யோசித்திருப்பான். பேரம் பேசக்கூடிய இடத்தில் என் வாழ்க்கையில் கேட்ட விலையைக் கொடுத்தது அன்று ஒருநாள்தான். முன்கூட்டியே திட்டமிட்டேன் என்பதற்குப் பொலிஸ் சாட்சி தேடி அலைகிறது. என்னைத் தெரிந்த ஒருவருக்கு இது ஒன்றே போதும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பஸ்ரியனைக் கூப்பிட்டேன். பாலேஸ்வரியைக் கூட்டிவரப் போகிறேன், பாம்பெல்லாம் விற்கப் போகிறேன், முதலாவதை நீ வாங்கு என்றேன். சந்தோஷப்பட்டான். வரும்போது பாலேஸ்வரிக்கென்று ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தான்.

பேஸ்மென்றில் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம்.

"என்னண்டு விலை பேசப் போறம், முதலாளி? நான் உங்களிட்டத் தாங்குவனே?"

"எங்கட தெரு மாதிரி" என்று துவாயை எடுத்தேன்.

அவன் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுதமாட்டேன். துணிப்பை மேசையில் கிடந்தது. உள்ளே கோர்ன் ஸ்நேக் என்றேன். சந்தையில் நாற்பது டொலருக்குமேல் போகாத பாம்பு, அது அவனுக்கு என்னைவிடத் தெரியும். முடிச்சு என் பக்கம், பையின் அடி அவன் பக்கம். துவாயைப் போட்டேன். என் கையும் உள்ளேதான் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். அவனுக்கு நான் வழி விட்டிருந்தேன். அவன் ஒழுங்காகப் பேரம் பேசி நாற்பதுக்கு வந்திருந்தால், ஏன், இந்தப் பழம்பாம்புக்கு முப்பதே அதிகம் என்று என்னை அவமானப்படுத்தியிருந்தால், துவாயை எடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டிருப்பேன். மேலே கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

விரலுக்கு நூறு என்றேன். அவனுடைய இரண்டு விரலைப் பிடித்தேன். இருநூறு.

அவன் இந்த வருஷம் பனி குறைவு என்றான். நான் ஓம் என்றேன். அவன் என் ஒரு விரலைப் பிடித்தான். நூறு. நாற்பது டொலர்ப் பாம்புக்கு நூறு. நான் திரும்பவும் இரண்டு விரலைப் பிடித்தேன். அவன் பெருமூச்சு விட்டான். தலையைச் சொறிந்தான். கூரையைப் பார்த்தான். கெவின் எங்கே படித்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

"என்ன அண்ணை, கொல்லுறியள்" என்றான். பிறகு, கஷ்டப்பட்டு இறங்குகிறவன் மாதிரி, என் இரண்டு விரலையும் பிடித்தான்.

விலை பொருந்திவிட்டது. பொருந்தினால் விற்பவன் என்ன செய்யவேண்டும் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். அவன் உள்ளங்கையைப் பையின்மேல் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவன் கத்தவில்லை. கையை இழுத்துத் துவாயை விலக்கிப் பார்த்தான். பைக்குள் இருந்து அரத்தால் தேய்ப்பது போன்ற சத்தம் வந்தது. பாம்பு வளர்க்கிறவனுக்கு அந்தச் சத்தம் போதும். என் முகத்தைப் பார்த்தான்.

"பை மாறிப் போச்சுப் போல, அண்ணை" என்றான்.

நான் ஒன்றும் சொல்லாததால் அதையே உண்மையாக வைத்துக்கொண்டான். "நீங்கள் தொடாதேங்கோ, தள்ளி நில்லுங்கோ" என்று மற்றக் கையால் பையைத் தூக்கி ஒரு வாளிக்குள் போட்டு மூடினான். நீங்கள் கேட்டீர்களே, வாளி மூடியில் ஏன் அவனுடைய கைரேகை என்று. அதனால்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். வழியில் சொன்னான்: "கோர்ன் பாம்பு எண்டு சொல்லுவம். உண்மையைச் சொன்னால் பொலிஸ் வரும், உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். சின்னக் கடிதான், நான் தாங்குவன்." டொக்டரிடமும் அப்படியே சொன்னான். தன்னுடைய பாம்பு என்றும் சொன்னான். டொக்டர் இளம் பெடியன். கை வீங்கி, இரவு பல் முரசில் இருந்து இரத்தம் கசியத் தொடங்கியதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. என்னை வெளியே கூப்பிட்டார். "இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. எந்தப் பாம்பு என்று தெரிந்தால் எடுப்பிக்கலாம். வேறு பாம்பு ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாய் திறப்பவனுக்கு அவசரம். நான் நின்றேன். அவருக்குப் பொறுமை இல்லை, மூன்று மேசை தள்ளிப் போகிறவர் மாதிரி வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

உள்ளே போய் பஸ்ரியனுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் சொல்வான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் சொல்வேன் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே தெருவில் தொழில் படித்தவர்கள். அவன் துவாய்க்குக் கீழே இருப்பதுபோல் போர்வைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தான். முழுக் கையையும் பிடித்தான். அது ஐந்து. எதற்கு ஐந்து என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விடியும்போது செத்தான். பொலிஸ் அவன் இரத்தத்தைப் பரிசோதித்த பிறகு வந்து வாளியை எடுத்துக்கொண்டு போனது.

இவ்வளவுதான். அழுத்தியதும் நான், ஆஸ்பத்திரியில் பேசாமல் நின்றதும் நான். அவன் விலையை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது என்பதையும் மொழிபெயர்க்கும்போது விட்டுவிடவேண்டாம்.

இனி உங்கள் விஷயம். அரச தரப்பு முதலில் இருபத்தைந்து வருஷம் என்றது. நீங்கள் போய்ப் பேசினீர்கள், திரும்பவும் போனீர்கள். அவர்கள் கஷ்டப்பட்டு இறங்கி, குற்றத்தை ஒத்துக்கொண்டால் பன்னிரண்டு என்கிறார்கள். நல்ல பேரம் என்று சிரித்துக்கொண்டு வந்து சொன்னீர்கள். கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரேயொரு விஷயத்தை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். என்னைப்போல் செய்த மற்றவர்களுக்கும் இருபத்தைந்தில் இருந்துதான் தொடங்குகிறார்களா? எனக்காக ஏற்றிச் சொன்னார்கள் என்றால் பன்னிரண்டு வேண்டாம், பிள்ளை. கேட்டதையே கொடுத்துவிடுகிறேன்.